குணசிங்கம் குடிக்காத கோப்பி

1

இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. என் வழியாக வேறு நாற்பது பேருக்குச் சொன்னார்கள். நான் நடுவில் நின்றேன். நடுவில் நின்றவன் சும்மா நிற்காமல் கதையில் கை வைத்தான். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

விளக்கமாகச் சொல்கிறேன். நான் ஒஸ்லோவில் மொழிபெயர்ப்பாளன். எழுத்தில் அல்ல, வாயால். நோர்வேக்காரர் ‘தொல்க்’ என்பார்கள். எங்கள் ஆட்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். வைத்தியரிடம், பள்ளிக்கூடத்தில், வேலை அலுவலகத்தில் ஒருவர் தமிழில் சொல்வதை நோர்வேஜிய மொழியில் சொல்ல வேண்டும், மற்றவர் சொல்வதைத் திரும்பத் தமிழில் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு பயிற்சி வகுப்பு உண்டு. முதல் நாளே பலகையில் இரண்டு வரி எழுதிப் போட்டார்கள்: கூட்டாதே. குறைக்காதே. நான் அதை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.

எனக்கு இன்னொரு தொழிலும் இருக்கிறது. சிறுகதை எழுதுவேன். ஐரோப்பாவில் நின்று நின்று வரும் சிற்றிதழ்களில் யோகலிங்கம் என்ற பெயரை நீங்கள் பார்த்திருக்கலாம். பார்க்காவிட்டால் அது உங்கள் குற்றமல்ல, முந்நூறு பிரதிதான் அடிப்பார்கள். கதை எழுதுகிறவனுக்குக் கூட்டுவதும் குறைப்பதும்தான் வேலை. பதினொரு வருடமாக இந்த இரண்டு தொழிலும் ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொண்டேன். 2006 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, ஸ்டோவ்னர் சென்டரில் இருக்கும் நூலகத்தில், வாஃபல் சுடுகிற வாசத்தின் நடுவில் அவை முட்டிக்கொண்டன.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பெயரைத் தவிர. அதை மாற்றினால் நல்லது என்று என் மனைவி சொல்லுகிறாள்.)

2

தொடக்கம், முதல் வரைவு:

“பனி பொழிந்துகொண்டிருந்தது.”

[வேண்டாம். நோர்வேயில் நடக்கிற எல்லாத் தமிழ்க் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. அன்றைக்கு மழை.]

இரண்டாம் வரைவு:

“குணசிங்கம் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மேடையில் ஏறி”

[மேடை இல்லை. பிள்ளைகளின் புத்தக அலுமாரிகளை ஒதுக்கிவிட்டுப் போட்ட நாற்பது நாற்காலி, ஒரு மைக்.]

சரி, நடந்ததையே சொல்கிறேன். நூலகத்தில் வேலை செய்யும் ஸீவ் என்ற பெண் ஒரு நிகழ்ச்சி வைத்தாள். அந்தப் பகுதியில் குடியிருக்கிறவர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் வந்து தங்கள் இடத்தைப் பற்றி நினைவிலிருப்பதைச் சொல்ல வேண்டும். பிறகு அதெல்லாம் ஒரு சிறு புத்தகமாக வரும். “இதமான நினைவுகளாக இருந்தால் நல்லது” என்று ஸீவ் தொடக்கத்திலேயே சொன்னாள். எனக்கு அந்த வார்த்தை காதில் நின்றுவிட்டது.

ஒரு கிழவர் இந்த அடுக்குமாடி புளொக்குகள் கட்டுவதற்கு முன் அங்கே எந்தப் பண்ணையின் மாடுகள் மேய்ந்தன என்று பெயர் பெயராகச் சொன்னார், மாடுகளின் பெயர் உட்பட. ஒரு அம்மா டி-பான என்கிற நகர ரயில் ஓடத் தொடங்கிய நாளில் வரிசையில் நின்றதைச் சொன்னார். எந்தச் சரிவில் பிள்ளைகளைச் சறுக்க விடக்கூடாது என்று இன்னொருவர் வரைபடம் போட்டுக் காட்டினார். அடுத்தது குணசிங்கம்.

குணசிங்கம் மட்டக்களப்புக்காரர். அப்போது நாற்பத்தேழு வயதிருக்கும். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. கோட்டுப் போட்டு, டை கட்டி, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி வந்திருந்தார். அன்றைக்குத்தான் நான் அவரை முதலில் கண்டது.

“தம்பி, நான் தமிழிலேயே சொல்லட்டா?”

“ஓம் அண்ணை, அதுக்குத்தானே நான் இருக்கிறன். நிப்பாட்டி நிப்பாட்டிச் சொல்லுங்கோ.”

அவர் நிப்பாட்டவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார்:

“எண்பத்தெட்டாம் ஆண்டு மார்கழி. நாங்க இஞ்ச குடிவந்து மூண்டு கிழமை. எல்லா புளொக்கும் ஒரே மாதிரி. நான் வேலை முடிஞ்சு நாலு மணிக்கு வாறன், நல்ல இருட்டு. நாலாம் மாடி, இடக்கைக் கதவு. திறப்பைப் போட்டன், திரும்பல்ல. குளிருக்குப் பூட்டு இறுகிப்போச்சு எண்டு நினைச்சுத் தோளால தள்ளினன். மறுகா* உள்ளுக்கு ஒரு பொம்பிளை கத்துற சத்தம். அப்பதான் விளங்கிச்சு, இது நம்மட புளொக் இல்ல, பக்கத்து புளொக் எண்டு. நான் ஓடல்ல. ஓடினாக் கள்ளன் எண்டு நினைப்பாங்க எண்டு அப்படியே நிண்டன். பொலிஸ் வந்திச்சு. எனக்கு அப்ப இவங்கட பாசை நாப்பது சொல்லுத் தெரியும். ‘என்ர வீடு, என்ர வீடு’ எண்டு கையைக் காட்டினன். காட்டினது அவட கதவை. விலங்கு போட்டாங்க. அடையாள காட் வீட்டில கிடந்திச்சு. அஞ்சு மணித்தியாலம் வைச்சிருந்து மறுகா விட்டாங்க. ஒண்டும் சொல்லல்ல. நான் நடந்து வந்தன்.”

என்னைப் பார்த்தார். நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

* மறுகா: பிறகு. மட்டக்களப்புச் சொல். யாழ்ப்பாணத்தானான எனக்கு அது கேட்கும்போதெல்லாம் பிடிக்கும். இதை மொழிபெயர்க்க நோர்வேஜிய மொழியில் சொல் உண்டு. அன்று அதற்குத் தேவை வரவில்லை.

3

என்னுடைய மொழிபெயர்ப்பு, நினைவில் இருப்பது வரை:

“1988 டிசம்பர். நாங்கள் இங்கே குடிவந்து மூன்று வாரம். எல்லாக் கட்டடங்களும் ஒரே மாதிரி. வேலை முடிந்து வந்தேன், இருட்டிவிட்டது. நாலாம் மாடி, இடதுபக்கக் கதவு. சாவி திரும்பவில்லை. கதவைத் தள்ளினேன். ஒரு நோர்வே அம்மா”

இங்கே நான் தலையை உயர்த்தினேன். முன்வரிசையில் ஒரு கிழவி கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் வாஃபலை முட்கரண்டியில் குத்தி வாய்க்குக் கொண்டுபோகாமல் காத்திருந்தார். எல்லாருடைய முகத்திலும் அந்த இதம், வரப்போவதற்கு இடம் விட்டுத் தயாராக இருந்தது.

“... கதவைத் திறந்தார். நான் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து உள்ளே கூப்பிட்டார். கோப்பி தந்தார். கால் ஈரமாக இருக்கிறதென்று கம்பளிச் செருப்பு தந்தார். நெடுநேரம் இருந்து பேசினோம், எனக்கு நாற்பது சொல்தான் தெரியும், ஆனாலும் பேசினோம். பிறகு டோர்ச் எடுத்துக்கொண்டு வந்து என் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.”

கோப்பிக்கு நான் பொறுப்பேற்கிறேன். டோர்ச்சுக்கும் பொறுப்பேற்கிறேன். கம்பளிச் செருப்பை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கை தட்டினார்கள். வெகுநேரம் தட்டினார்கள். பின்னிக்கொண்டிருந்த கிழவி கண்ணைத் துடைத்தார். குணசிங்கம் நாற்பது பேரையும் ஒருமுறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்து வணங்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

என் பக்கத்து நாற்காலியில் சுவாதி இருந்தாள். தமிழ்நாட்டுப் பெண், ஆராய்ச்சி வேலைக்கு வந்து மூன்று மாதம், ஸ்டோவ்னரில் அறை எடுத்திருந்தாள். நோர்வேஜிய மொழி இன்னும் வரவில்லை. அவளுக்கு விளங்கியது குணசிங்கம் சொன்னது மட்டும்.

“சார்,” என்றாள் மெதுவாக. (எங்கள் ஆட்கள் யாரும் என்னைச் சார் என்று கூப்பிடுவதில்லை. அதனால் அது எனக்கில்லையென்று முதலில் நினைத்தேன்.) “சார், போலீஸ் புடிச்சிட்டுப் போனதுக்கு எதுக்கு இவங்க கை தட்றாங்க?”

“இஞ்சை அப்பிடித்தான்,” என்றேன். “துணிவைப் பாராட்டுறது.”

அவள் தலையாட்டினாள். நாட்டைப் பற்றி ஒரு புது விஷயம் தெரிந்துகொண்ட முகம்.

4

அடுத்த மார்ச்சில் புத்தகம் வந்தது. பக்கம் 23. தலைப்பு: ‘நாலாம் மாடியில் ஒரு கோப்பி’. ஓரத்தில் யாரோ செருப்பு ஒரு சோடி வரைந்திருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி அடித்தது.

“ஆர், தொல்க்கோ?”

“ஓம், நீங்கள்?”

“நான் மனோன்மணி. குணசிங்கத்தின்ர மனிசி.”

நான் வாழ்த்துச் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“நான் பார்ணஹாகெயில வேலை செய்யிறன். சின்னப் பிள்ளையளின்ர பள்ளிக்கூடம். எனக்கு இந்தப் பாசை வாசிக்கத் தெரியும். புத்தகத்தை மூண்டு தரம் வாசிச்சிட்டன். ஒண்டு கேக்க வேணும்.”

“கேளுங்கோ அக்கா.”

“அண்டைக்கு நான் வீட்டில தனிய இருந்தனான். ஊரில இருந்து வந்து மூண்டு கிழமை. ரெலிபோன் இல்லை. நாலு மணிக்கு வாறவர் ஒன்பது தாண்டித்தான் வந்தவர், கை மணிக்கட்டு சிவந்துபோய். இப்ப நீங்கள் எழுதி வைச்சிருக்கிறியள், அவர் பக்கத்து வீட்டில செருப்புப் போட்டுக்கொண்டு கோப்பி குடிச்சவர் எண்டு. அப்ப நான் அஞ்சு மணித்தியாலம் எதுக்குக் காத்திருந்தனான்? இவர் கோப்பி குடிச்சு முடிக்கவோ?”

கதை எழுதுகிற ஒருவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். நான் ஒரு நோர்வே அம்மாவுக்கு நல்ல குணத்தைக் கொடுத்தபோது, அந்தக் குணத்துக்குத் தேவையான ஐந்து மணித்தியாலத்தை இன்னொரு பெண்ணிடமிருந்து எடுத்திருக்கிறேன்.

“மாத்துங்கோ,” என்றார். “எப்பிடி மாத்திறீங்கள் எண்டு எனக்குத் தெரியாது. மாத்துங்கோ.”

திருத்தம், முதல் வரைவு:

“பக்கம் 23, மூன்றாம் பத்தி: ‘கோப்பி’ என்று வரும் இடத்தில் ‘பொலிஸ்’ என்று மாற்றி வாசிக்கவும். செருப்பை நீக்கவும்.”

அதை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். ஸீவ் என்னைக் கண்டதும் ஓடிவந்தாள். “உனக்கே அழைக்க இருந்தேன்! அவர் கிடைத்துவிட்டார்!”

“யார்?”

“கோப்பி கொடுத்த அம்மா!”

திருத்தத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

5

அவர் பெயர் போர்கில். எழுபத்தொன்பது வயது. இன்னும் அதே நாலாம் மாடி, அதே இடக்கைக் கதவு. புத்தகத்தை வாசித்துவிட்டுத் தானே நூலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, “அந்தக் கதவு என்னுடையது” என்றாராம். அதற்குமேல் அவரைப் பேச விட்டார்களா என்று எனக்குத் தெரியாது. உள்ளூர்ப் பத்திரிகை படம் எடுக்க வந்தது.

[எனக்கு அந்த அம்மாவில் ஒரு சந்தேகம் இருந்தது. கொடுக்காத கோப்பியைக் கொடுத்ததாக நம்பத் தொடங்கிவிட்ட கிழவி என்று அவரை எழுதினால் கதை சுலபமாக முடிந்துவிடும். நகைப்பாகவும் இருக்கும். அப்படியே இரண்டு பக்கம் எழுதினேன். அவர் அப்படிப்பட்டவர் அல்ல. இரண்டு பக்கமும் போயிற்று.]

ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். போர்கில், குணசிங்கம், ஸீவ், படம் பிடிப்பவன், நான். மனோன்மணி வரவில்லை. மேசையில் கோப்பியும் கேக்கும் இருந்தன. படம் பிடிப்பவன், “செருப்பு எங்கே?” என்று கேட்டான். போர்கில் கொஞ்சநேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய் ஒரு சோடி கம்பளிச் செருப்பு கொண்டுவந்தார். அது புதிது, ஓரத்தில் கடைத் துண்டு தொங்கியது. குணசிங்கம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டார். இரண்டு அளவு சிறியது. குதிக்கால் வெளியே நிற்க, கையில் கோப்பையுடன் சிரித்தார். படம் எடுத்தார்கள்.

ஸீவும் படம் பிடிப்பவனும் போனபிறகு நாங்களும் எழுந்தோம். போர்கில் கதவில் கை வைத்து நின்றார். என்னிடம் சொன்னார் (நோர்வேஜிய மொழியில் பேசியதை எழுத்துத் தமிழில் தருகிறேன்):

“நீ மொழிபெயர்ப்பாளன்தானே. அவரிடம் ஒன்று கேள். அவர் மறந்துவிட்டாரா, அல்லது எனக்கு இரக்கம் காட்டுகிறாரா?”

நான் குணசிங்கத்தின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பிறகு நோர்வேஜிய மொழியில், இலக்கணம் கொஞ்சமும் தவறாமல், சமையலறையில் பதினெட்டு வருடம் பேசிப் பழகிய சத்தமான குரலில் சொன்னார்:

“நான் மறக்கவில்லை. கோப்பி நன்றாக இருக்கிறது.”

போர்கில் கதிரையைப் பிடித்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். எனக்கு வேறு காரணம்.

போர்கில் தன் பக்கத்தைச் சொன்னார். அந்த இலையுதிர்காலத்தில்தான் கணவன் செத்திருந்தான். தனியாக இருந்தார். யாரோ கதவை இடித்தார்கள். தொலைபேசியை எடுத்தார். “பதினெட்டு வருடமாக யாராவது இதைக் கேட்பார்கள் என்று இருந்தேன். கேட்கவில்லை. பிறகு ஒருநாள் புத்தகத்தைத் திறந்தால், நான் கோப்பி கொடுத்திருக்கிறேன். நான் நூலகத்துக்கு எழுதித் திருத்தப் போகிறேன்.”

“வேண்டாம்,” என்றார் குணசிங்கம்.

“ஏன்?”

“என் மகளுக்குத் தெரியாது. அவள் அதற்குப் பிறகு பிறந்தவள். அம்மா அன்றைக்குக் காத்திருந்தது பனியில் ரயில் நின்றதால் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். இப்போது இந்தப் பக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். என் அப்பா என்று.”

போர்கில் மேசையில் இருந்த கோப்பைகளை ஒன்றாக்கி வைத்தார். “அப்படியானால் நீங்கள் சொல்லும்வரை நான் வாய் திறக்கவில்லை,” என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

6

குணசிங்கம் என்ற பாத்திரத்தை எனக்கு இந்த இடத்தில் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

கதைக்கு அவர் கோபப்பட வேண்டும். படியிறங்கும்போது என் சட்டையைப் பிடித்து, “ஆரைக் கேட்டு என்ர வாயில சொல்லை வைச்சனீ?” என்று உலுக்க வேண்டும். அந்தக் காட்சியை நான் எழுதியும் பார்த்தேன். நன்றாக வந்தது. என்னைத் திட்டும் வசனங்களை எனக்கு நன்றாக எழுத வரும்.

அவர் உலுக்கவில்லை. புளொக்குகளுக்கு நடுவே நடந்து போனோம். நான்தான் கேட்டேன்.

“அண்ணை, உங்களுக்குப் பாசை இவ்வளவு நல்லாத் தெரியும். பிறகேன் நான்?”

“அந்தப் பிள்ளை ஸீவ், தொல்க் ஒழுங்கு பண்ணியாச்சு எண்டு சந்தோசமாச் சொல்லிச்சு. வேணாம் எண்டா முகம் வாடிப்போகும். மறுகா உனக்கும் வேலை இல்லாமப் போகும்.”

“அப்ப நான் சொன்னது அண்டைக்கே உங்களுக்கு...”

“எல்லாம் விளங்கிச்சு.”

“ஏன் அண்ணை மறிக்கல்லை?”

“மறிக்கத்தான் வாயெடுத்தன். கை தட்டிட்டாங்க. தம்பி, நான் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருசம். எத்தினை ஆயிரம் பேருக்குச் சமைச்சுப் போட்டிருக்கன். ஒருத்தரும் எனக்குக் கை தட்டினதில்ல. அந்தக் கைதட்டு நிக்கட்டும், மறுகா சொல்லுவம் எண்டு இருந்தன். எனக்கு அது இன்னும் நிண்ட மாதிரி இல்ல.”

[இதற்குப் பிறகு ஒரு பத்தி இருந்தது. அவமானம், நினைவு, புலம்பெயர்வு என்று மூன்று பெரிய சொற்களும் அதில் இருந்தன. எடுத்துவிட்டேன்.]

“அக்கா மாத்தச் சொல்லுறா,” என்றேன்.

“தெரியும். வீட்டில மூண்டு நாளா என்னோட கதை இல்ல.”

ஆக நிலைமை இதுதான். பொலிசைக் கூப்பிட்டவர் உண்மையைப் போடச் சொல்கிறார். பொலிஸ் கொண்டுபோனவர் வேண்டாம் என்கிறார். காத்திருந்தவர் போடச் சொல்கிறார். பொய்யை எழுதியவனின் சட்டைப்பையில் திருத்தம் நாலாக மடித்துக் கிடக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் ஒன்றும் செய்யவில்லை. கோடை வந்தது, ஊருக்குள் எல்லாரும் வெயிலில் இறைச்சி வாட்டினார்கள், நான் வேறு ஒரு கதை எழுதினேன்.

7

2007 நவம்பரில் இரண்டாவது நினைவு நிகழ்ச்சி. இந்த முறை எழுபது நாற்காலி. ஸீவ் பேச்சாளர் பட்டியலை எனக்கு அனுப்பியிருந்தாள். நாலாவது பெயர்: மனோன்மணி.

நான் நேரத்தோடு போய் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குணசிங்கம் மூன்றாம் வரிசையில், அதே கோட்டு. பக்கத்தில் மகள் தக்சிலா, பதினெட்டு வயது, அம்மா பேசுவதைப் படம் எடுக்கக் கையடக்கத் தொலைபேசியைப் பிடித்தபடி. ஓரத்தில் போர்கில். எனக்குப் பக்கத்தில் மறுபடியும் சுவாதி. அவள் மொழி வகுப்புக்குப் போகிறாளாம், ஆனால் ஆட்கள் வேகமாகப் பேசினால் இன்னும் விளங்குவதில்லையாம்.

மனோன்மணி வந்தார். நான் எழுந்தேன்.

“நீங்க இருங்கோ,” என்றார் தமிழில். “தேவையில்லை.”

பிறகு நோர்வேஜிய மொழியில் தொடங்கினார். பத்து வருடமாக மூன்று வயதுப் பிள்ளைகளோடு பேசிய மொழி. சின்ன வாக்கியங்கள். ஒவ்வொன்றும் முழுசாக முடிந்த பிறகே அடுத்தது. எல்லாமே இப்போது நடக்கிற மாதிரி.

“நான் இருபத்திமூன்று வயது. நான் இங்கே புதிது. மணி நாலு, வெளியே இருட்டு. நான் சோறு சமைக்கிறேன். கணவர் வரவில்லை. மணி ஐந்து. எதிர் புளொக்கில் எல்லா ஜன்னலிலும் ஒரு காகித நட்சத்திரம், உள்ளே வெளிச்சம். அது நத்தார்ப் பண்டிகைக்கு என்று எனக்குத் தெரியாது. எல்லா வீட்டிலும் வைத்திருக்கிறார்கள், எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. ஏதோ அறிவித்தல் வந்திருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.”

சிலர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. அவர் காத்திருந்து தொடர்ந்தார்.

“மணி ஆறு. நான் கீழே போகிறேன். சேலை, மேலே அவருடைய ஸ்வெட்டர். வாசலுக்கு வெளியே போகப் பயம். எல்லா வாசலும் ஒன்று. போனால் திரும்பி வரத் தெரியாது. மேலே வருகிறேன். பச்சைச் சேலை ஒன்றின் ஓரத்தைக் கிழிக்கிறேன். கீழே போய் வாசல் கதவின் கைப்பிடியில் கட்டுகிறேன். இப்போது எங்கள் வாசல் எது என்று எனக்குத் தெரியும். இப்போது ரயில் நிலையம்வரை போகிறேன். அவர் அங்கே இல்லை. திரும்பி வருகிறேன். பச்சையைப் பார்த்து வருகிறேன்.”

“நான் அதைப் பார்த்தேன்!” என்றார் பின்வரிசையில் ஒருவர். மாடுகளின் பெயர் சொன்ன அதே கிழவர். எழுந்தே விட்டார். “பச்சைத் துணி! தங்கச் சரிகை வைத்தது! யாரோ பிள்ளையின் பிறந்தநாள் என்று நினைத்தோம். அது நீங்களா?”

“நான்,” என்றார் மனோன்மணி. முகம் மலர்ந்தது. பத்தொன்பது வருடம் கழித்து ஒரு சாட்சி. என் கோப்பிக்கு ஒரு சாட்சியும் இல்லை, அதற்குத்தான் கை தட்டினார்கள்.

கிழவர் விடவில்லை. அக்கறையோடுதான் கேட்டார்: “அப்படியானால் அந்த நேரம் முழுக்க உங்கள் கணவர் எங்கே இருந்தார்?”

மனோன்மணி மூன்றாம் வரிசையைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் இருந்த போர்கிலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, அந்த அளவுக்கு நான் முக்கியமில்லை.

“அவர் கோப்பி குடிக்கிறார்,” என்றார். “புத்தகத்தில் இருக்கிறது. பக்கம் இருபத்திமூன்று.”

கூட்டம் சிரித்து ஓய்ந்து மறுபடி சிரித்தது. ஆம்பிளைகள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்ற சிரிப்பு. ஒருத்தி குணசிங்கத்தின் முதுகில் செல்லமாகத் தட்டினாள். தக்சிலாவும் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தாள். அவர் மட்டும் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போர்கில் எழுந்தார்.

8

அவர் மைக்கிடம் வரவில்லை. நின்ற இடத்திலேயே பேசினார். சிரிப்பு அடங்கியது.

சுவாதி என் கையைத் தொட்டாள். “சார், அந்தம்மா என்ன சொல்றாங்க?”

நான் சொன்னேன். அவர் ஒரு வாக்கியம் சொல்ல, நான் அவள் காதுக்குள் ஒரு வாக்கியம்.

“கோப்பி கொடுக்கவில்லை என்கிறா. கதவைத் திறக்கவேயில்லை என்கிறா. பொலிசைக் கூப்பிட்டது தான்தான் என்கிறா. என் வீடு, என் வீடு என்று அவர் சொன்னது உள்ளே கேட்டதாம். கொண்டுபோனதை ஜன்னலால் பார்த்தாவாம். அடுத்த கிழமை இவரையும் மனிசியையும் டி-பானவில் கண்டாவாம். மற்றப் பெட்டியில் போய் ஏறினாவாம். வாய் திறப்பதில்லை என்று இவருக்குச் சொல்லியிருந்தாவாம், ஆனால் இந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு இருக்க ஏலாதாம். மன்னிப்புக் கேக்கிறா. இரண்டு பேரிட்டையும்.”

ஒரு சொல் கூட்டவில்லை. ஒரு சொல் குறைக்கவில்லை.

சுவாதி என் பக்கம் திரும்பினாள். “அப்போ போன வருஷம் நீங்க...”

“ஓம்,” என்றேன்.

அவள் தன் நாற்காலியை நகர்த்தவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

ஸீவ் வாயில் கை வைத்து நின்றாள். மனோன்மணி இன்னும் மைக்கைப் பிடித்தபடி போர்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் எறிந்தது இவ்வளவு தூரம் போகும் என்று அவரும் நினைத்திருக்கவில்லை. தக்சிலா தொலைபேசியைக் கீழே இறக்கினாள்.

“பப்பா,” என்றாள். “உண்மையா?”

குணசிங்கம் எழுந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டார். மகளின் தோளில் கை வைத்துவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவால் வந்து, மனைவியிடமிருந்து மைக்கை வாங்கினார். மனோன்மணி கொடுத்துவிட்டு, போய் உட்காராமல், பக்கத்திலேயே நின்றார்.

9

முடிவு, முதல் வரைவு: “அவர் போர்கிலை மன்னித்தார்.” [ஸீவுக்குப் பிடிக்கும்.]

இரண்டாம் வரைவு: “பத்தொன்பது வருடக் கோபம் முழுவதையும் அவர் அந்தக் கூட்டத்தின் முன்னால்” [சுவாதிக்குப் பிடிக்கும். எனக்கும்.]

மூன்றாம் வரைவு: “தக்சிலா, அம்மா சொன்ன மாதிரி ரயில்தான்”

நான் அங்கே இருந்தேன். அவர் ஐந்து நிமிடம் பேசினார், ஸீவ் எல்லாருக்கும் கொடுக்கும் அதே ஐந்து நிமிடம். ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. யாரோடு வீட்டுக்கு நடந்து போனார், எந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றார்கள், இரண்டாவது புத்தகத்தில் பக்கம் 23க்கு என்ன ஆயிற்று, எல்லாம் தெரியும். நல்ல கதை. எழுதினால் நன்றாக வரும், எனக்கே கை துறுதுறுக்கிறது.

ஆனால் இந்த மனிதர் ஒருமுறை மைக் முன்னால் நின்று தன் வாயால் சொன்னதை நான் வேறாக்கி விற்றவன். இரண்டாம் முறையும் அவர் சொன்னது என் வழியாக உங்களிடம் வர வேண்டுமா? அவர் இன்னும் ஸ்டோவ்னரில்தான் இருக்கிறார். டி-பானவில் ஏறி இறங்கினால் சென்டருக்குப் பின்னால் நாலாவது புளொக். தமிழில் கேட்டால் தமிழில் சொல்வார், நோர்வேஜிய மொழியில் கேட்டால் அதில் சொல்வார். உங்களுக்குப் போக வசதியில்லை என்றால், அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். யோசித்தது உங்களுடையது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அவர் தொண்டையைச் செருமினார். வழக்கம்போல நான் என் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, தலையை மெல்ல அசைத்து, வேண்டாம் என்றார்.

நான் பேனாவை மூடிவிட்டுக் கேட்கத் தொடங்கினேன்.